சாமித்துரை கட்டிப்போட்ட வரிக்குதிரை

சாமித்துரை செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான். தன் புஞ்சையில் இறங்கிச் சோளத்தை மேய்ந்துகொண்டிருந்த பிராணியைப் பிடித்து வேப்பமரத்தில் கட்டிப்போட்டார். எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கத்தில் நிலம் வைத்திருக்கிற எந்தச் சம்சாரியும் இதைத்தான் செய்வான். அடுத்தவன் மாடு வெள்ளாமையில் வாய் வைத்தால் அடித்து விரட்டுவது கிடையாது. விரட்டினால் நாளைக்கும் வரும். பிடித்துக் கட்டி, ஒரு வாளித் தண்ணீரும் காட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துவிட வேண்டும். மாட்டுக்காரன் தானே தேடிக்கொண்டு வருவான். நாலு பேர் முன்னால் அவனை வாய் வலிக்க ஏசி, தெண்டம் வாங்கிக்கொண்டு, அவிழ்த்து விட வேண்டும். காலங்காலமாக நடக்கிற முறை இது. இதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை.

இந்தத் தடவை மாட்டிக்கொண்டது மாடு இல்லை, வரிக்குதிரை. அதுதான் வினை.

தை மாதத்து விடிகாலைப் பனியில் தூரத்திலிருந்து பார்த்தபோது, பொங்கலுக்கு வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பை எவனோ கழுதை மேல் பூசி விளையாடியிருக்கிறான் என்றுதான் நினைத்தார். பக்கத்தில் போய் முதுகைத் தேய்த்துப் பார்த்தார். கையில் ஒட்டவில்லை. அது தலையைத் திருப்பி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடியும் சோளத்தைக் கடித்தது. அடுத்த புஞ்சைக்கார அழகிரிசாமி வரப்பில் நின்று சொன்னார்.

"அண்ணாச்சி, கோவில்பட்டியில கூடாரம் போட்டிருந்தாம்லா சர்க்கஸ்காரன், அவன் நேத்து ராத்திரி லாரி லாரியா தூத்துக்குடிக்குப் போனான். அதுல ஒண்ணு குதிச்சிருக்கும்."

"குதிச்சா குதிச்சுட்டுப் போவுது. தெண்டத்தைக் கட்டிட்டு ஓட்டிட்டுப் போகட்டும்" என்றார் சாமித்துரை.

மூன்று நாள் பார்த்தார். ஒருத்தரும் வரவில்லை. எப்போதும்வென்றானுக்குப் போய் டெலிபோன் பூத்திலிருந்து சர்க்கஸ் மேனேஜருக்குப் பேசினார். நம்பர், பூத்துச் சுவரில் ஒட்டியிருந்த சர்க்கஸ் விளம்பரத்திலேயே இருந்தது.

"வரிக்குதிரையா? எங்க கம்பெனியில அப்படி ஒண்ணு கிடையவே கிடையாதே" என்றார் மேனேஜர்.

விளம்பரத்தில் ஒரு வரிக்குதிரை முக்காலி மேல் முன்னங்காலைத் தூக்கி நின்றது. சாமித்துரை அதைச் சொன்னார்.

"அது ஓவியம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அது இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம். சர்க்கஸில் எந்த மிருகம் இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்று நாடே சண்டை போட்டுக்கொண்டிருந்தது. இருக்கிறது என்று ஒத்துக்கொண்டால் கேள்வி வரும். இல்லையென்று சொன்னால் ஒரு கேள்வியும் இல்லை. மேனேஜர் விவரமான ஆள்.

பூத்துக்காரர்தான் யோசனை சொன்னார். "கோவில்பட்டியில இதுக்குன்னே ஒரு ஆபீஸ் இருக்கு. ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருங்க. அவிய வந்து பிடிச்சுட்டுப் போயிருவாவ." அந்த நல்ல மனுஷனைச் சாமித்துரை பிறகு மன்னிக்கவே இல்லை.

அயல்விலங்கு உடைமை ஒழுங்காற்று வாரியத்தின் கிளை அலுவலகம் ஒரு மிளகாய் வத்தல் மண்டியின் மாடியில் இருந்தது. மலைப்பகுதிக்கு ஒன்று, கடற்கரைக்கு ஒன்று, காட்டுக்கு ஒன்று, வறண்ட பூமிக்கு ஒன்று என்று நாலு கிளை திறக்க மேலிடத்தில் முடிவு செய்திருந்தார்கள். வறண்ட பூமியைத் தேடி அவர்கள் அதிக தூரம் அலைய வேண்டியிருக்கவில்லை. அலுவலர் நவநீதகிருஷ்ணன் தினமும் காலையில் வந்து, கீழேயிருந்து ஏறும் வத்தல் நெடிக்கு நன்றாகத் தும்மிவிட்டு, 'பதிவான விலங்குகள்: இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். மூன்று வருஷமாக இதுதான் வேலை. ஜீப் கிடையாது, ஆனால் ஜீப் டிரைவர் உண்டு. கிளையை ஏன் மூடக் கூடாது என்று மேலிடம் கேட்டுவிட்டிருந்த சமயத்தில்தான் சாமித்துரை படியேறினார்.

"சார், ஒரு வரிக்குதிரை வந்து வெள்ளாமைய மேஞ்சிட்டு நிக்கி. பிடிச்சுக் கட்டியிருக்கேன். ஆள் அனுப்பி ஓட்டிட்டுப் போயிருங்க."

நவநீதகிருஷ்ணன் எழுந்து நின்றார். உத்தியோகத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு சம்சாரிக்காக அவர் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை.

"கட்டினது யாரு?"

"நாந்தான்."

"கயிறு யாரோடது?"

"எங்க கயிறுதான் சார். காளைக்குத் திரிச்சு வச்சிருந்தது."

"தண்ணி காட்டினீங்களா?"

"காட்டாம இருப்பமா? வாயில்லாச் சீவன்லா."

நவநீதகிருஷ்ணன் மேஜையைச் சுற்றி வந்து சாமித்துரையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "கட்டியவர், கயிறு கொடுத்தவர், தண்ணீர் காட்டியவர் மூவரும் ஒருவரே என்றால், விதிப்படி அவர்தான் உடைமையாளர். இந்தக் கிளையின் முதல் உடைமையாளர் நீங்கள்தான். வாழ்த்துக்கள்."

சாமித்துரை கையை உருவிக்கொண்டார். "சார், அது என்னுது இல்ல. நான் வேணும்னா இப்பவே அவுத்து விட்டுருதேன்."

"அது கைவிடுதல். சிறைத் தண்டனை உண்டு."

"யாருக்காவது குடுத்துட்டா?"

"சட்டவிரோதக் கைமாற்றம். அதைவிடக் கூடுதல்."

"சும்மா வீட்டுல வச்சிருந்தா?"

"உரிமம் இல்லாமல் வைத்திருத்தல். அதற்கு நீங்கள் கவலையே படாதீர்கள், உரிமம் நாங்கள் தருகிறோம்" என்றார் நவநீதகிருஷ்ணன், மனதாரச் சிரித்துக்கொண்டு.

ஒரு சிக்கல் வந்தது. வாரியத்தின் அட்டவணையில் வரிக்குதிரை இல்லை. அட்டவணையை எழுதியவர் அது எப்படியும் இந்த நாட்டுக்கு வராது என்று விட்டுவிட்டாராம். அட்டவணையில் இல்லாத விலங்கை வைத்திருக்க அனுமதிக்கவும் முடியாது, தடுக்கவும் முடியாது. சும்மா விட்டுவிடலாமே என்று தோன்றும். சும்மா விடுவதற்கும் அட்டவணையில் இருக்க வேண்டும். ஆகவே அதற்கு நெருக்கமான விலங்கு எதுவோ அதன் விதியைப் பொருத்துவது என்று ஒரு கூட்டம் போட்டு முடிவெடுத்தார்கள். குதிரைக்கு நெருக்கம் என்றால் கால்நடை இலாகாவுக்குப் போய்விடும். நவநீதகிருஷ்ணன் அதற்கு ஒப்பவில்லை. உடம்பில் வரி இருக்கிற விலங்கு அட்டவணையில் ஒன்றே ஒன்று இருந்தது. அதையே பொருத்தினார்கள்.

அப்படியாகச் சாமித்துரையின் புஞ்சையில் புலிக்கு உண்டான வேலி எழும்பியது. அவருக்கு இருந்த நாலு ஏக்கரில் இரண்டு ஏக்கரை அது விழுங்கியது. இரண்டு ஆள் உயரத்துக்குக் கம்பிவலை, அதற்குள் இன்னொரு கம்பிவலை, இரட்டைக் கதவு. 'கொடிய விலங்கு, நெருங்காதே' என்று ஒரு பலகை. வேலிக்குள் இருக்கிற இடத்துக்கு வாரியம் 'வாழிடம்' என்று பெயர் வைத்தது. வேலிக்கு வெளியே கிடந்த மற்ற இரண்டு ஏக்கரிலும் அனுமதி இல்லாமல் ஏர் ஓட்டக் கூடாது, அதிர்ச்சியில் விலங்கின் மனநிலை கெடும் என்றார்கள். உடைமையாளர் எந்நேரமும் தணிக்கைக்குக் கிடைக்க வேண்டும் என்பதால் சாமித்துரை ஊரெல்லையைத் தாண்டுவதற்கும் தடை வந்தது.

தீனியும் விதிப்படி வந்தது. தினம் எட்டுக் கிலோ இறைச்சி. அதைக் கொண்டுவந்த வாரியத்துக் காவலாளி செண்பகராஜ், வேலி ஓரத்தில் நின்று வரிக்குதிரையைக் காட்டி, "சாப்பிடுதியாப்பா?" என்று ஒரு தடவை மரியாதைக்குக் கேட்பான். அது பேசாமல் நிற்கும். 'விலங்கு உணவை மறுக்கவில்லை' என்று எழுதிவிட்டு இறைச்சியைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். அவன் வீட்டில் எல்லோரும் நன்றாகத் தேறினார்கள். சாமித்துரையின் பெஞ்சாதி சொர்ணத்தாய், யாரும் பார்க்காத நேரமாகச் சோளத்தட்டையை ஒடித்து வேலிக்குள் வீசுவாள். வரிக்குதிரை அதைத் தின்றுதான் உயிர் வாழ்ந்தது. அந்நிய விலங்குக்கு உள்ளூர்த் தீனி கொடுப்பதும் ஒரு குற்றம்தான், ஆனால் சொர்ணத்தாய்க்கு அந்த விதியை யாரும் சொல்லவில்லை.

அவள்தான் அதற்கு வரியன் என்று பெயர் வைத்தாள். ஒரு மாதத்தில் அது அவள் சத்தம் கேட்டால் வேலிக்கு ஓடிவந்தது. சாமித்துரைக்கும் அதன் மேல் கோபம் போய்விட்டது. இதுவும் நம்மைப் போல மாட்டிக்கொண்டதுதானே என்று நினைப்பார். சாயங்காலம் கம்பிவலைக்குள் கையை விட்டு அதன் நெற்றியைச் சொறிந்துகொடுப்பார். அப்போது அது கண்ணை மூடிக்கொள்ளும்.

சொர்ணத்தாய் ஒரு நாள் கேட்டாள். "இப்படியே இருந்தா புரட்டாசியில விதைக்கது எப்படி? போன வருசமும் மழை ஏமாத்திருச்சு, அரை வெள்ளாமைதான். இந்த வருசம் ஒண்ணும் விதைக்கலன்னா புதூர்க்காரவிய மாதிரி நாமளும் திருப்பூருக்குத்தான் போகணும்."

"எங்க போவ? ஊரெல்லைய தாண்டுனா உள்ள போட்டுருவாம்லா" என்றார் சாமித்துரை. விதைக்கவும் வழியில்லை, விட்டுவிட்டுப் பிழைக்கப் போகவும் வழியில்லை என்பது அன்றைக்குத்தான் இரண்டு பேருக்கும் முழுசாக உறைத்தது.

ஒரே ஒரு வழி இருந்தது. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்த பூவனநாதன் முதலாளி பங்களாவில் இல்லாத அந்நிய ஜீவன் கிடையாது. தென்னமெரிக்கக் கிளிகள், முதுகில் முள் முளைத்த ஓணான்கள், வாசலில் இரண்டு தீக்கோழிகள், உள்ளங்கையில் அடங்குகிற குரங்கு. உடைமையாளருக்கு உண்டான விசேஷ அனுமதி வாங்கிக்கொண்டு சாமித்துரை அங்கே போய் நின்றார்.

"அண்ணாச்சி, வரியனையும் நீங்களே வச்சுக்கிடுங்க. ஒரு பைசா வேண்டாம்."

"தாராளமா அனுப்புமய்யா. தோட்டத்துல ஒரு மூலை காலியாத்தான் கெடக்கு" என்றார் பூவனநாதன், சந்தோஷமாக.

"உங்களுக்கு இந்த வேலி, உரிமம் எல்லாம்..."

"எனக்கு எதுக்குவே? நான் வாரியத்துல கௌரவ உறுப்பினர். அதுவும் போக, எங்க வீட்டுல இருக்கது விலங்கு இல்ல, சேகரிப்பு. நவநீதகிருஷ்ணனே வந்து பாத்துட்டு, மதியம் சாப்புட்டுட்டு, நல்லாருக்குன்னு சொல்லிட்டுத்தான் போனாரு."

சாமித்துரைக்குக் கும்பிடத் தோன்றியது. கும்பிட்டார். அந்தச் சந்தோஷம் வாரியத்தின் மாடிப்படி ஏறுகிற வரைக்கும்தான் இருந்தது. விஷயத்தைக் கேட்டதும் நவநீதகிருஷ்ணன் வெளிறிப் போனார். வரிக்குதிரை பூவனநாதனிடம் போனால் அது சேகரிப்பு ஆகிவிடும். சேகரிப்பு ஆகிவிட்டால் வாரியத்துக்கு ஒரு விலங்கும் மிஞ்சாது. அப்புறம் கிளை எதற்கு, புதிதாக வந்து நிற்கிற ஜீப்புதான் எதற்கு?

"பணக்காரர் கையில் ஒரு விலங்கு சிக்கிச் சீரழிய இந்த வாரியம் விடாது" என்று ஆவேசமாகச் சொல்லி ஒரு தும்மல் தும்மினார். "இது கொள்கைப் பிரச்சினை. தனியார் அயல்விலங்கு வைத்திருக்கலாமா, கூடாதா என்று மக்கள் சொல்லட்டும். பொதுக் கருத்துக் கேட்போம். விலங்கும் வர வேண்டும், உடைமையாளரும் வர வேண்டும்."

சித்திரை மாதத்துக் கத்திரி வெயிலில் கோவில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் நடந்தது. வரியனைத் தகரக் கூரை போட்ட கூண்டு லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து மண்டபத்துக்கு வெளியே வெயிலில் நிறுத்தினார்கள். நிழலில் விருந்தினர்களின் கார்கள் நின்றன. கூண்டுக் கதவுக்கு அரக்கு முத்திரை வைத்திருந்தது. கூட்டம் முடிந்து, வாரியத்தின் கமிட்டி வந்து பார்த்து, அவர்கள்தான் முத்திரையை உடைக்க வேண்டும். சாமித்துரையை மேடையில் உட்கார வைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் நாற்காலியின் முதுகில் 'உடைமையாளர்' என்று எழுதி ஒட்டியிருந்தது.

முதலில் நவநீதகிருஷ்ணன் பேசினார். "இந்தக் கிளை தொடங்கிய மூன்று ஆண்டுகளில் எங்கள் கண்காணிப்பில் ஒரு விலங்குகூட இறந்ததில்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். ஒரு விலங்கைக் காப்பாற்ற எட்டுப் பேர் வேலை பார்க்கிறோம். இன்னும் நான்கு பேர் கேட்டிருக்கிறோம். இன்று ஒரு விலங்குக்காக ஒரு ஜீப் ஓடுகிறது என்றால், நாளை பத்து விலங்குக்குப் பத்து ஜீப் ஓடாதா?"

கைதட்டினார்கள். வெளியே தகரத்தை உதைக்கிற சத்தம் கேட்டது.

சாமித்துரை பக்கத்தில் குனிந்து, "சார், வெயில்ல நிக்கி. ஒரு வாளித் தண்ணி காட்டிட்டு ஓடியாந்துருதேன்" என்றார்.

"முத்திரை இருக்கே. அதோடு, உடைமையாளர் நன்றியுரை வரைக்கும் மேடையை விட்டு இறங்கக் கூடாது" என்று சிரித்த முகத்தோடு காதில் சொன்னார் நவநீதகிருஷ்ணன். கீழே போட்டோக்காரர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

அடுத்து மதுரையிலிருந்து வந்திருந்த பிராணிகள் நேசச் சங்கத் தலைவி வள்ளிமயில் அம்மாள் எழுந்தார். "எந்த மனிதனுக்கும் எந்த விலங்கையும் சொந்தம் கொண்டாட உரிமை கிடையாது. அதன் கட்டை அவிழ்க்க வேண்டும். அதைச் சுதந்திரமாக விட வேண்டும்!" அவர் குரல் தழுதழுத்தது.

சாமித்துரை துள்ளி எழுந்தார். "இப்பவே போயி விட்டுரட்டுமாம்மா?"

அம்மாள் திகைத்தார். "இப்போதா? இல்லை, நான் கொள்கையளவில் சொன்னேன்" என்றார்.

சாமித்துரையைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். வெளியே மறுபடியும் தகரம் அதிர்ந்தது. இந்தத் தடவை சத்தம் கொஞ்சம் மெதுவாக இருந்தது. அவருக்கு வேர்த்துக் கொட்டியது. பொன்னாடையை எடுக்கப் போனார், இருக்கட்டும் என்று சைகை காட்டினார்கள்.

பூவனநாதன் மைக்கைப் பிடித்தார். "தனியார்கிட்ட இருக்கப்படாதுன்னு சொல்லுதாவ. நான் கேக்கேன், எங்க வீட்டுக் கிளி என்னைக்காவது புகார் சொல்லியிருக்கா? இத்தனைக்கும் அது பேசுத கிளி! தப்பு எங்க நடக்குன்னா, இல்லாதப்பட்டவன் கையில நடக்கு. சம்சாரிக்கே கஞ்சி இல்ல. அவன் வரிக்குதிரைக்கு என்னத்தப் போடுவான்? பாசம் இருந்தா மட்டும் போதுமாய்யா? ஏசி வேண்டாமா?"

இதற்குத்தான் அன்றைக்கு அதிகக் கைதட்டல். கைதட்டல் ஓய்ந்தபோது வெளியே ஒரு சத்தமும் இல்லை. நவநீதகிருஷ்ணன் மைக்கில் வந்து, "நம் விலங்கும் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது" என்றார். எல்லோரும் சிரித்து, அதற்கும் கைதட்டினார்கள். பிறகு, வரிக்குதிரையை ஐந்தாண்டுக் காலத்துக்கு இதே உடைமையாளரின் பொறுப்பில், இதே வாழிடத்தில், வாரியத்தின் நேரடிக் கண்காணிப்பில் காப்பது என்று ஒரு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. நன்றியுரையில் பந்தல்காரர் வரைக்கும் எல்லோருக்கும் நன்றி சொன்னார்கள். அது முடிய அரைமணி நேரம் ஆனது.

முத்திரையை உடைத்தபோது வரியன் காலை நீட்டிப் படுத்திருந்தது. ஈ மொய்த்தது. சாமித்துரை கூண்டுக்குள் ஏறி அதன் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பொன்னாடையால் முகத்தைத் துடைத்தார். பெரிய மனுஷர்கள் நிற்கிறார்களே என்றுகூட இல்லாமல் சத்தம் போட்டு அழுதார். ஒரு வாளித் தண்ணீர். அதைத்தானே கேட்டேன், பாவிகளா என்றார். கமிட்டியில் பாதிப் பேர் சாப்பாட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள்.

நவநீதகிருஷ்ணன் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அது தீர்மானத்துக்கு முன்னால் செத்ததா, பின்னால் செத்ததா?"

"முன்னாலயே சத்தம் நின்னு போச்சே சார்."

"செத்த விலங்கைக் காப்பதாக இத்தனை பெரிய மனிதர்கள் தீர்மானம் போட்டார்கள் என்று எழுதச் சொல்கிறீர்களா?"

"அப்ப பின்னால செத்ததா எழுதிக்கிடுங்க."

"பின்னால் என்றால், அது உங்கள் பொறுப்புக்கு வந்த பிறகு. உடைமையாளரின் கவனக்குறைவு. ஏழு வருஷம்." நவநீதகிருஷ்ணன் அவர் தோளில் கை வைத்தார். அந்தக் கையில் உண்மையான அன்பு இருந்தது. "உங்களை உள்ளே அனுப்ப எனக்கு மனசு வரவில்லை சாமித்துரை. அது சாகவே இல்லை. ஊருக்குப் போங்கள்."

அன்று சாயங்காலமே வேலிக்குள் குழி வெட்டி வரியனைப் புதைத்தார்கள். செண்பகராஜ் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டான். மறுநாளும் இறைச்சி வந்தது. 'விலங்கு நலம்' என்று எழுதினான். வைகாசி போனது, ஆனி போனது, ஆடி போனது. ஒவ்வொரு மாதமும் நவநீதகிருஷ்ணன் ஜீப்பில் வந்து, வெறும் வேலியைச் சுற்றி நடந்து, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். முதலில் அவர் சாமித்துரையின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். போகப் போக வேலிக்குள் பார்த்தே சொன்னார்.

புரட்டாசி கடைசியில் மழை இறங்கியது. இரண்டு வருஷம் ஏமாற்றிய மழை, ராத்திரி முழுவதும் நின்று பெய்தது. வெடித்துக் கிடந்த கரிசல் தண்ணீரைக் குடித்து வாய் மூடிக்கொண்டது. ஊரே புஞ்சையில் இறங்கியது. இந்த ஈரம் ஒரு வாரம் நின்றால் பெரிது. அதற்குள் விதைத்தால் வருஷத்துக்கும் கஞ்சி, விதைக்காவிட்டால் வருஷத்துக்கும் பட்டினி. சாமித்துரை செண்பகராஜைக் கெஞ்சி அனுமதி வாங்கிக்கொண்டு கோவில்பட்டிக்கு ஓடினார்.

"சார், வேலிக்குள்ள இருக்க நிலம் போனாப் போவுது. வெளிய கெடக்க ரெண்டு ஏக்கர்ல ஏர் ஓட்ட அனுமதி குடுங்க. உங்க கால்ல வேணாலும் விழுதேன்."

"அது வாரியத்தின் இயக்குநர் கையெழுத்துப் போட வேண்டியது. நாளைக்கே தணிக்கைக்கு வருகிறார். விலங்கு சௌகரியமாக இருக்கிறது என்று திருப்திப்பட்டால் அங்கேயே கையெழுத்து வாங்கித் தருகிறேன். எல்லாம் உங்கள் வாயில்தான் இருக்கிறது" என்றார் நவநீதகிருஷ்ணன்.

மறுநாள் இயக்குநர் அம்மாள் சென்னையிலிருந்து வந்தார். காரை விட்டு இறங்கிப் புஞ்சையில் ஓர் அடி வைத்தார். மழை நனைத்த கரிசல் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள், கால் வந்தது, செருப்பு வரவில்லை. ஆகவே ரோட்டில் நின்றபடியே பார்ப்பது என்று முடிவானது. பைனாகுலரைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாரியத்து ஆட்கள் வரிசையாக நின்றார்கள். சொர்ணத்தாய் விதைக் கம்பு மணிகளை ஓலைப்பெட்டியில் எடுத்துக்கொண்டு, கையெழுத்து ஆனதும் இறங்கிவிட வேண்டும் என்று வரப்பில் தயாராக நின்றாள்.

"எங்கே இருக்கிறது?" என்று கேட்டார் இயக்குநர்.

 எல்லோரும் சாமித்துரையைப் பார்த்தார்கள். அவர் வெறும் வேலியைப் பார்த்தார். வேலிக்கு வெளியே கருகருவென்று நனைந்து கிடந்த இரண்டு ஏக்கரைப் பார்த்தார். ஓலைப்பெட்டியைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"அந்தா நிக்கிலாம்மா. அந்தக் கருவேல மரத்தடியில."

இயக்குநர் பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.  நவநீதகிருஷ்ணன் தும்மலை அடக்கிக்கொண்டார்.

"ஆமாம்" என்றார் இயக்குநர் கடைசியில். "நிற்கிறது. ஆனால் ரொம்ப மெலிந்திருக்கிறதே."

"தீனியெல்லாம் சரியாத்தாம்மா போடுதோம்" என்றார் சாமித்துரை. வாய் தானாகச் சொன்னது.

"தீனியில் குறை இல்லை. ஓடியாட இடம் போதவில்லை. பாருங்கள், ஒரே இடத்தில் அசையாமல் நிற்கிறது." அவர் நவநீதகிருஷ்ணன் பக்கம் திரும்பினார். "வெளியே காலியாகக் கிடக்கிற இந்த நிலமும் இவருடையதுதானே? அதையும் வாழிடத்தோடு சேர்த்துவிடுங்கள். துணைக்கு ஒரு பெட்டை வரவழைக்கவும் எழுதுங்கள்." அங்கேயே, காரின் மேல் தாளை வைத்து, கையெழுத்துப் போட்டார்.

நவநீதகிருஷ்ணன் சாமித்துரையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கார் போனது, ஜீப் போனது. சொர்ணத்தாய் பெட்டியை இறக்காமல் வந்து நின்றாள்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"விதைக்கலாம்னுதாம்ட்டி சொன்னேன்."

"பின்னால ஓடுங்க. செத்துப்போச்சுன்னு உண்மையச் சொல்லிருங்க. வந்தது வரட்டும்."

"இனி எப்படிச் சொல்ல? இப்ப சொன்னா, இன்னைக்குச் செத்ததாத்தான் எழுதுவாவ. உயிரோட நின்னத அத்தனை பேரும் கண்ணால பாத்திருக்காவள்லா" என்றார் சாமித்துரை.

அவள் ஓலைப்பெட்டியோடு வீட்டைப் பார்த்து நடந்தாள். கம்பு கொஞ்சம் கொஞ்சமாக வழியெல்லாம் சிந்திக்கொண்டே போனது. அதை அவள் கவனிக்கவில்லை. அடுத்த புஞ்சையில் அழகிரிசாமி காளைகளை அதட்டி ஏரைத் திருப்பினார். சந்தோஷத்தில் அவருக்குக் குரல் உச்சத்தில் இருந்தது.

"என்ன அண்ணாச்சி, ஈரம் காயுதுக்குள்ள விதைக்கலியா?"

சாமித்துரை வேலியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி நின்றார்.

"மெதுவாப் பேசும்வே" என்றார். "அது மிரளும்."